கிளெம் டூலனின் ஜோடி

கொறடா ராஸ் ஸ்னெடன் தன் கையாலேயே தேநீர் கொண்டுவந்தான். அதைப் பார்த்ததுமே லோர்னா பிரிதம் உஷாரானாள். ஆள் தேவைப்பட்டால் நடையில் நின்று கத்துகிறவன் அவன். கதவைத் தட்டிவிட்டு வருகிற வழக்கமே அவனுக்குக் கிடையாது. இன்றைக்குத் தட்டினான். தட்டோடு ஒரு துண்டு லாமிங்டன் கேக்கும் இருந்தது.

"பால் கொஞ்சமாத்தானே ஊத்துவ?"

"பதினோரு வருஷமா ஒரே கட்சியில இருக்கோம். இன்னிக்குத்தான் அதைக் கேக்கணும்னு தோணிச்சா?"

ராஸ் சிரித்தான். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துகொண்டான். வெளியே கான்பெர்ராவின் ஜூன் மாதக் குளிர் புல்வெளியை வெளுப்பாக்கி வைத்திருந்தது; மத்தியானமாகியும் உறைபனி கரையவில்லை.

"மேவிஸ் எப்படி இருக்காளாம்?"

"அப்படியேதான். கிளெம் நேத்து பேசினான். கஞ்சி கூட இறங்கலையாம். கையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கான்."

கிளெம் டூலன் எதிர்க்கட்சிக்காரன். மேற்குக் கடற்கரைக்காரன், பாதி வாழ்க்கையை விமானத்தில் கழித்தவன். அவனும் லோர்னாவும் ஒரே தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள். சபையில் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிடுவார்கள். வெளியே வந்ததும் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். அவன் மனைவி மேவிஸ் பெர்த் ஆஸ்பத்திரியில் நாட்களை எண்ணிக்கொண்டு கிடந்தாள். அதனால் லோர்னாதான் இப்போது அவனுக்கு ஜோடி.

ஜோடி என்றால் இதுதான். ஒரு பக்கத்து உறுப்பினர் சாவு, நோய் என்று போக வேண்டிவந்தால், மறுபக்கத்தில் ஒருவர் வாக்கெடுப்புக்குப் போகாமல் வெளியே இருந்துவிடுவார். இவர் இல்லாத குறையை அவர் இல்லாதது சரிக்கட்டிவிடும். சட்டத்தில் ஒரு வரி கிடையாது. வெறும் வாய்வார்த்தைதான். அந்த வார்த்தையை நம்பித்தான் அந்தக் கட்டடத்தில் பிள்ளைப்பேறும் பெற்றவர் காரியமும் நடந்துகொண்டிருந்தன.

"நம்ம ஹெக்டர் கட்சி மாறி ஓட்டுப் போடறானாம்," என்றான் ராஸ். "காலைல பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டுச் சொல்லிட்டான். ஆத்துத் தண்ணி மசோதாவுல அவன் அந்தப் பக்கம்."

"கேள்விப்பட்டேன்."

"நீ வெளியே இருந்தா ஒரே ஓட்டுல தோக்கறோம். நீ உள்ள வந்து உக்காந்தா சரிக்குச் சரி. அப்புறம் சபாநாயகர் ஓட்டு, அது நம்மளுது."

லோர்னா கோப்பையைக் கீழே வைத்தாள். "முடியாது ராஸ்."

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையே."

"கேக்கத்தானே கேக்கோட வந்திருக்க. நான் அவனுக்கு வார்த்தை குடுத்திருக்கேன். பொண்டாட்டி பக்கத்துல உக்காந்திருக்கிறவன் முதுகுல நான் குத்த மாட்டேன்."

ராஸ் தலையாட்டினான். கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"உன் தொகுதியில நம்ம கட்சிக்காரங்க சாயந்திர விருந்து வச்சாங்களாமே. உன்னைக் கூப்பிடலையா?"

"எப்போ?"

"போன சனிக்கிழமை. அந்த வக்கீல் பையன் இருக்கான்ல, மேயரோட மருமகன். அவன்தான் இறைச்சி சுட்டுப் போட்டானாம். நல்ல பையன். கட்சி உறுப்பினர் ஒவ்வொருத்தருக்கும் அவனே போன் பண்ணிப் பேசறானாம். கோதுமை விலை என்ன, ஆட்டுக்கு என்ன நோய், எல்லாம் தெரியுதாம்." ராஸ் எழுந்தான். "சும்மா சொன்னேன். அடுத்த தேர்தலுக்கு யாரை நிறுத்தறதுன்னு குளிர் முடியறதுக்குள்ள பேசுவாங்க இல்லையா. உன் காதுல போட்டு வைக்கலாம்னு."

"மிரட்டறியா?"

"நானா? நான் தேநீர் கொண்டுவந்தவன்மா."

அவன் போன பிறகு உதவியாளர் ஜில் எட்டிப் பார்த்தாள். "என்னவாம்?"

"கேக் குடுத்துட்டுப் போறான்."

"தின்னுடாதீங்க. முதல்ல ஹெக்டரோட நாய்க்குப் போட்டுப் பாருங்க."

லோர்னா சிரிக்க முயன்றாள். ஜில் வெளியே போனதும் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. தன் தொகுதியான முண்டாராவில் கட்சி அலுவலகத்துக்குப் பேசினாள். பத்து வருஷமாக அங்கே இருக்கிற பெர்ல், "விருந்தா? ஆமா, சின்னதா ஒண்ணு," என்று இழுத்து, உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். எந்த மழை வந்தாலும் பெர்ல் அவளிடம் மழையைப் பற்றிப் பேசியதில்லை.

சுவர்க் கடிகாரத்தில் பச்சை விளக்கு மினுங்கத் தொடங்கியது. கட்டடம் முழுக்க வாக்கெடுப்பு மணி அலறிற்று. நான்கு நிமிஷம் அலறும். அதற்குள் சபைக்குள் போய்விட வேண்டும். அப்புறம் கதவைப் பூட்டிவிடுவார்கள். லோர்னா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் ராஸ் ஓடிவந்தான். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் மலர்ச்சி.

"எந்திரி, எந்திரி. கிளெம் வந்துட்டான்."

"என்னது?"

"காலை விமானத்துல. மேவிஸுக்குத் தேவலையாம், அவளே போகச் சொல்லி விரட்டிட்டாளாம். நேரா சபைக்குள்ள போய்ட்டான். அவங்க ஜோடியை விடுவிச்சுட்டாங்க. சீக்கிரம் வா."

"தேவலையா? நிஜமாவா?"

"எழுந்து உக்காந்து சூப் குடிச்சாளாம்."

கோரலி வாஸ், எதிர்க்கட்சியின் கொறடா, மூன்றாவது அறையில்தான் இருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கட்டடத்தில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஜோடி போடுவதும் விடுவிப்பதும் இரண்டு கொறடாக்களுக்குள் உள்ள பேச்சு. நம் கொறடா சொன்னால் சொன்னதுதான். எதிர்க்கட்சிக் கொறடாவிடம் போய் உண்மையா என்று கேட்பது சொந்தக் கட்சிக்காரனைப் பொய்யன் என்று ஊருக்குச் சொல்வது மாதிரி. பதினோரு வருஷத்தில் லோர்னா ஒரு தடவையும் கேட்டதில்லை. இன்றைக்கும் கேட்கவில்லை. மேவிஸ் சூப் குடித்தாள் என்ற சந்தோஷத்திலேயே செருப்பு சத்தம்போட ஓடினாள்.

உள்ளே பச்சை இருக்கைகள் நிரம்பியிருந்தன. தன் இடத்தில் உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு எதிர்வரிசையைப் பார்த்தாள். கிளெமின் இடம் காலியாக இருந்தது. கழிப்பறைக்குப் போயிருப்பான் என்று நினைத்தாள். பின்வரிசையில் தேடினாள். வாசலைப் பார்த்தாள்.

மணி நின்றது. கதவுகள் பூட்டப்படும் சத்தம் கேட்டது.

எதிரே கோரலி வாஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து, நடுவே இருந்த மேஜை வரைக்கும் வந்தாள்.

"லோர்னா. நீ இங்க என்ன பண்ற?"

"கிளெம் வந்துட்டான்னு..."

"கிளெம் பெர்த்துல இருக்கான்."

லோர்னா திரும்பினாள். ராஸ் இரண்டு வரிசைக்குப் பின்னால் காகிதம் புரட்டிக்கொண்டிருந்தான். பிறகு மெல்ல வந்து அவள் காதருகே குனிந்தான். அவன் வாயில் தேநீர் வாசம் அடித்தது.

"தகவல் தப்பாப் போச்சு. என்ன பண்றது. கதவு சாத்தியாச்சு. உள்ள இருக்கிறவங்க ஓட்டுப் போட்டே ஆகணும், உனக்குத் தெரியாததா."

"பொய் சொன்ன."

"சத்தம் போடாத. ரேடியோவுல போகுது."

மசோதாவை ஆதரிப்பவர்கள் சபாநாயகருக்கு வலப்பக்கம், எதிர்ப்பவர்கள் இடப்பக்கம் என்று அறிவித்தார்கள். அந்தச் சபையில் கையைத் தூக்க வேண்டியதில்லை. எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோமோ அதுதான் ஓட்டு. எழுந்து நடுவில் கொஞ்ச தூரம் நடந்தால் போதும், எதிர்ப்பக்கம் வந்துவிடும். ஹெக்டர் ஏற்கெனவே அங்கே தனியாக உட்கார்ந்திருந்தார். லோர்னாவைப் பார்த்துவிட்டு, பக்கத்து இருக்கையில் கிடந்த தன் மேலங்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"போறதுன்னா போ," என்றான் ராஸ், அன்பாக. "யாரும் பிடிச்சு வைக்கல. இந்த மசோதா விழுந்தா அரசாங்கமே ஆடும். எல்லாரும் தேர்தலுக்குப் போவோம். அந்த வக்கீல் பையன் தயாரா இருக்கான். உன் பெயரை யாரும் சொல்லக்கூட மாட்டாங்க."

முன்வரிசையிலிருந்து பிரதமர் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். லேசாகத் தலையசைத்தார், நன்றி சொல்வதுபோல. இன்னும் எதுவும் நடக்கவே இல்லை, அதற்குள் நன்றி.

லோர்னா முழங்காலில் கையை ஊன்றினாள். எழுந்துவிடுவோம் என்றுதான் நினைத்தாள். பாதி எழுந்தவள் போலக்கூட இருந்தது. பெர்லின் இழுத்த குரல் காதில் ஓடியது. முண்டாரா ஆட்டுச் சந்தையில், மழை நனைத்த தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் சொல்கிறவர்கள் எல்லாம் வேறொருவனுக்குத் தொப்பியைக் கழற்றுவதுபோல் கண்ணில் ஓடியது. எண்ணிக்கை எடுப்பவர் வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தார். அவளைத் தாண்டும்போது பேனாவால் காற்றில் ஒரு புள்ளி வைத்தார்.

அவ்வளவுதான்.

சரிக்குச் சரி. சபாநாயகர் தன் ஓட்டைச் சொன்னார். அவள் பக்கம் ஆரவாரம் எழுந்தது. யாரோ அவள் தோளைத் தட்டினார்கள். ஆரவாரம் அடங்கின பிறகு எதிரே கோரலி எழுந்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"இந்த நிமிஷத்திலிருந்து எங்கள் பக்கத்தில் ஜோடி கிடையாது. யாருக்கும் கிடையாது. எங்கள் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் எங்கே இருந்தாலும் நாளைக்குச் சபையில் இருப்பார்கள்."

லோர்னா அறைக்கு வந்தபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. ஜில் எடுக்காமல் அதைப் பார்த்தபடி நின்றாள். லோர்னாவே எடுத்தாள்.

"ரேடியோவுல கேட்டேன்," என்றான் கிளெம்.

"ராஸ் சொன்னான் கிளெம், நீ வந்துட்டன்னு. மேவிஸுக்குத் தேவலைன்னு. சூப் குடிச்சாள்னு சொன்னான்."

"சூப்பா." வெறுமனே திரும்பச் சொன்னான். "நான் வரலைன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுது? கதவு சாத்தறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

"ஓட்டு எண்ணறதுக்கு முன்னாடியா?"

லோர்னா மேஜைமேல் ஆறிப்போயிருந்த தேநீரை ஓரமாகத் தள்ளினாள்.

"சரி," என்றான் அவன். "காலைல ஒரு விமானம் இருக்கு. கோரலி டிக்கெட் போட்டுட்டா."

"வராத. நான் வெளியே இருக்கேன். நீ வர்ற வரைக்கும் சபைக்குள்ளயே போக மாட்டேன், சத்தியமா. கோரலிகிட்ட நான் பேசறேன்."

"யாரை நம்பிடி நான் இங்க உக்காந்திருக்கிறது?"

திட்டவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பவன் மாதிரிதான் கேட்டான்.

அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிடும் சத்தம். காய்ந்துபோன ஒரு குரல், மிகவும் தள்ளியிருந்து.

"யாரு கிளெம், போன்ல?"

"நம்ம லோர்னாதான்."

"நல்லவ. எனக்காக வெளியே நிக்கறா பாவம். நான் விசாரிச்சேன்னு சொல்லு."

"சொல்றேன். நீ தூங்கு."

"நீ எங்கேயும் போகலையே?"

கிளெம் தொலைபேசியின் வாய்ப்பகுதியைக் கையால் பொத்தினான். அதற்கப்புறம் லோர்னாவுக்கு எதுவும் கேட்கவில்லை.