பதினைந்து வயதில் கயிறறுப்பு

எங்கள் தராஸ் ஊரில் நடை பழகும் குழந்தைக்குத்தான் காலைக் கயிற்றால் பிணைத்து, சொந்தம் கூடி அறுப்பார்கள். அறுக்கிறவரின் நடை குழந்தைக்கு வருமாம். எனக்கு வயது பதினைந்து. நிமிர்ந்து நடந்தால் வாசல் நிலையில் தலை இடிக்கும். கறுப்பும் வெள்ளையுமாய்த் திரித்த கயிறு இரண்டு கணுக்காலையும் பிணைத்திருக்க, கூடத்தின் நடுவில் நின்றேன். சொந்தபந்தம் முழுக்கத் தேநீர் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. மானம் போயிற்று.

எல்லாம் நாளைய அணித் தேர்வால் வந்த வினை. சுவரிலிருந்து உள்ளங்கை அகலம் தள்ளிப் பாதத்தை வைத்து, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். போன முறை என் வலது குதிகால் எழும்பிவிட்டது.

"கணுக்கால் மடங்கலேன்னா குதிக்கிறப்ப முட்டிதான் அடி வாங்கும். நாளைக்கும் எழும்புச்சுன்னா கூடைப்பந்து அணியில உனக்கு இடமில்ல. அந்தக் கட்டை அவுத்துப் போட்டுட்டு மடக்கிப் பழகு," என்றார் பயிற்சியாளர் யெர்தாய்.

கட்டு, அம்மா தினமும் போடும் எலாஸ்டிக் கட்டு. போன குளிர்காலத்தில் வலது கணுக்கால் பிசகியது. வலி போய் எத்தனையோ மாதமாகியும் அவிழ்க்க விடவில்லை. குதிகால் எழும்பியதற்கு அம்மா கண்டுபிடித்த காரணமோ வேறு: குழந்தையில் எனக்குக் கயிறறுத்த பெரியம்மா விறைத்த காலோடு நடப்பவராம்; அதனால் வேறு ஆளை வைத்து மறுபடி அறுக்க வேண்டுமாம்!

"ஏண்டி ஒட்டகம், அடுத்து தொட்டில்ல போட்டு ஆட்டலாமா?" என்றார் மாமா.

"வாயில ரொட்டியப் போட்டு அடைச்சுக்கங்க மாமா."

நீளம் தாண்டுவதில் பதக்கம் வாங்கிய ஷோல்பான் அத்தை வந்து கத்தரியால் அறுத்தார். மிட்டாயை வாரி இறைத்தார்கள். சடங்குக்காக அம்மா அவிழ்த்திருந்த கட்டும் இல்லாமல், கயிறும் இல்லாமல் கால் லேசாக இருந்தது. நேரே சுவரருகே போய் மடக்கிப் பார்த்தேன். குதிகால் தரையிலேயே நின்றது. முழங்காலுக்கும் சுவருக்கும் ஒரு விரல்தான் பாக்கி. இன்றைக்குப் பூராவும் பழகினால் தொட்டுவிடலாம். சந்தோஷத்தில் கத்தத் தோன்றியது.

"உக்காரு," என்றாள் அம்மா. கையில் கட்டுச் சுருள்.

"இப்பத்தானம்மா அறுத்தாங்க!"

"அது வேற, இது வேற. அன்னைக்கு உன் கால் மடக்குன்னு பிசகுன சத்தம் இன்னும் என் காதுல இருக்குடி."

கத்தரி கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து என் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன; காலை மட்டும் இழுத்துக்கொள்ள முடியவில்லை.

இறுக்கி முடிந்துவிட்டு, "அந்தக் காலையும் நீட்டு," என்றாள்.

"அது நல்ல காலும்மா."

"அதுக்கும் எதுவும் ஆகக்கூடாதுல்ல?"

நீட்டினேன்.