சாலம்மாள் போயிட்டா

உப்பளத்தில் வேலை செய்கிறவனுக்கு வானம் இருட்டிவிட்டால் மூன்று மாதம் லீவு. மற்றவர்கள் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள், பெண்டாட்டியோடு சண்டை போடுவார்கள். நான் படிப்பேன். "படிச்சி என்னாத்த கிழிச்ச ராஜாங்கம்?" என்று கேட்காத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. நான் எதையும் கிழித்ததில்லை. புத்தகத்தில் மற்றவன் கிழித்ததைக் கோந்து போட்டு ஒட்டித்தான் வைத்திருக்கிறேன். ஒன்பது மாதம் உப்பு வாரிய விரல் என்பதால், எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினால் நாக்கில் கரிக்கும். சந்தோஷமான கதைகூட எனக்குக் கொஞ்சம் கரிக்கத்தான் செய்யும்.

2005 ஐப்பசியில் நூலகத்திலிருந்து 'சாலம்மாள்' என்ற நாவலை எடுத்து வந்தேன். வீட்டுச் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு கிளம்பிவிடும் பெண்ணின் கதை. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு ஸ்டேஷனில் தன்னந்தனியாக நிற்கிறாள். ரயில் வருகிறது. ஏறுவாளா, திரும்புவாளா? எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது வயது ஆள் அழுதேன், சொல்வதற்கென்ன. மீதி நாற்பது பக்கத்தை ஆற அமரப் படிக்கலாம் என்று புத்தகத்தை ஜன்னலில் வைத்தேன்.

மறுநாள் காலையில் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். போன வருஷம் கடல் வந்தது, இந்த வருஷம் வானம் வந்தது. நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். புத்தகம் ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

மூன்றாம் நாள் வெள்ளத்தில் போனதைக் கணக்கெடுக்க தெய்வசிகாமணி என்ற தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வந்தார். சுனாமிக்குப் பிறகு 'காணோம்' என்ற வார்த்தையைக் கேட்டாலே சர்க்கார் ஆட்கள் பேனாவைத் திறந்துவிடுவார்கள். அதனால் ஆடு, கோழி, சைக்கிள் என்று ஒன்று விடாமல் எழுதிக்கொண்டே வந்தார். பள்ளிக்கூடத்தின் தகரக் கூரையில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. காதுக்குள் கத்தினால்தான் பாதியாவது கேட்கும். நான் ஆறு கோழியைச் சொல்லி முடித்தேன்.

"வேற என்னாப்பா போச்சு?"

ஒரு புத்தகம் போச்சு என்று சொல்லியிருக்க வேண்டும். இதற்காகவே தமிழில் அஃறிணை என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஆனால் மனசில் நின்றவள் பெண். வாயில் உயர்திணை வந்துவிட்டது.

"சாலம்மா போயிட்டா சார்."

அவர் பேனா நின்றது. "எப்பிடி?"

"ஜன்னல் வழியா."

"வயசு?"

பதிப்பித்த வருஷத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். "முப்பத்தொண்ணு."

"எதுனா அடையாளம்?"

"முதுகு கிழிஞ்சிருக்கும் சார். நான்தான் ஒட்டினேன்."

தெய்வசிகாமணி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, 'முதுகில் தழும்பு' என்று எழுதினார். ஒரு நூலகப் புத்தகத்துக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்கு மெய்சிலிர்த்தது.

"அவ உனக்கு என்னா வேணும்?"

"எனக்கு கடைசி நாப்பது பக்கம்தான் சார் வேணும்."

மழையில் 'பக்கம்' மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது. உறவு என்ற இடத்தில் 'பக்கத்து வீடு' என்று எழுதிக்கொண்டு, என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு மணி நேரத்தில் ஈ.சி.ஆர். ரோட்டின் மேலேயே ஒரு ஃபைபர் படகை இழுத்துக்கொண்டு நாலு பேர் வந்தார்கள். உப்பளம் இருந்த இடம் ஏரியாகக் கிடந்தது. "சாலம்மா! ஏ சாலம்மா!" என்று மைக்கில் கூப்பிட்டுக்கொண்டே படகு அந்தப் பக்கம் போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு கதைப் புத்தகத்தைத் தேட சர்க்கார் படகை அனுப்பியவன் என்று தெரிந்தால் தோலை உரித்து விடுவார்களே என்று பயம். பயம் பாதிதான். ஒருவேளை கிடைத்துவிட்டால் என்ற சபலம் மீதி.

அதற்குள் பள்ளிக்கூடத்தில் சாலம்மாளுக்காக நாலு பெண்கள் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டார்கள். விஜயலட்சுமி என்கிற எங்கள் தெருக்காரி, "தங்கமான பொம்பள. போன வாரம்கூட வூட்டாண்ட வந்து எங்கிட்ட பேசிக்கினு இருந்தா," என்றாள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் படித்தவன் நான். தங்கமான பெண் என்பது மட்டும் உண்மைதான்.

சாயங்காலம் படகு திரும்பியது. "கெடச்சிட்டா!" என்று கத்திக்கொண்டே வந்தார்கள். சாக்குப் போர்த்தி இறக்கியது பொன்னம்மாளை.

பொன்னம்மாள் எங்கள் உப்பளத்தில் பதினோரு வருஷமாக உப்புக் கூடை சுமக்கிறவள். புருஷன், பிள்ளை என்று யாரும் இல்லை. உப்பளத்துக் கொட்டாயிலேயே படுத்துக்கொள்வாள். தண்ணீர் வந்ததும் உப்பு அம்பாரத்தின் மேல் ஏறி, மூடியிருந்த பனை ஓலைக்குள் புகுந்து மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறாள். காலுக்கடியில் உப்பு கரைந்து கரைந்து அம்பாரம் பாதியாகிவிட்டதாம். நீதான் சாலம்மாவா என்று படகுக்காரர்கள் கேட்டதும், ஆமாம் என்று ஏறிவிட்டாள். முதுகில் தழும்பும் இருந்தது. கூடை அறுத்த தழும்பு.

தெய்வசிகாமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாலம்மாள் பேருக்கு நேராகச் சிவப்பு மையில் 'கிடைத்தார்' என்று எழுதி, அடியில் கோடும் போட்டார். நான் பிழைத்தேன் என்று மூச்சுவிட்டேன். ஒரு சோற்றுப் பொட்டலத்தோடு பொன்னம்மாள் நேராக என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"நீதான் பேர் குடுத்தியாமே ராஜாங்கண்ணே. யாரு அந்த சாலம்மா?"

சொன்னேன். சாவி, கிணறு, தகரப் பெட்டி, ஸ்டேஷன், ரயில், எல்லாம். சாப்பிட்டுக்கொண்டே கடைசிவரைக்கும் கேட்டாள்.

"அப்ப அவ நெசத்துல இல்ல."

"இல்ல."

"இல்லாதவளுக்கு படகு வந்துச்சு."

"ம்."

"எம் பேர யார் குடுத்தது?"

பள்ளிக்கூடத்தில் இருநூறு பேர் இருந்தோம். எல்லார் ஆடும் எழுதியாகிவிட்டது. யாரோ ஒருவர் பூட்டுச் சாவிகூடச் சொன்னார். நான் ஆறு கோழியை நிறம் முதற்கொண்டு சொல்லியிருந்தேன். பொன்னம்மாள் பேர் ஒருத்தர் வாயிலும் வரவில்லை. ஸ்டேஷனில் தனியாக நின்றவளுக்காகக் கண்ணீர் விட்டவன்தானே நான்? உப்பு அம்பாரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவள் என் நினைப்பிலேயே வரவில்லை.

"யாரும் குடுக்கல," என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து குமாஸ்தாவிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"எம் பேரு பொன்னம்மா. அத எழுது."

தெய்வசிகாமணி நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். "பொன்னம்மான்னு யாரையும் காணோம்னு எழுதலியேம்மா. காணாம போவாதவங்கள கெடச்சாங்கன்னு நான் எப்பிடி எழுத முடியும்? மேல கேப்பாங்க இல்ல? நீ சாலம்மாவாவே இருந்துக்க. சாலம்மாவுக்கு அரிசி உண்டு, பாய் உண்டு. பொன்னம்மாவுக்கு ஒண்ணும் இல்ல."

"அரிசி கெடக்குது. பேர எழுது."

"மொதல்ல யார்னா காணோம்னு சொல்லணும். அப்பறம்தான் கெடச்சது."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"சார், பொன்னம்மாள காணோம் சார்."

அவள் என் தோளை உரசிக்கொண்டுதான் நின்றாள். தெய்வசிகாமணி நிமிர்ந்து பார்க்கவில்லை. புதுப் பக்கத்தில் கோடு போட்டு, பேரை எழுதினார்.

"எப்பலேர்ந்து காணோம்?"

மூன்று நாளாக என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் பொன்னம்மாள் முந்திக்கொண்டாள்.

"பதினோரு வருசமா. எழுதிக்க."