பதினோராவது வளைவில் நிற்கும் வண்டி

ஜெனிபருக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். போடி பஜாரில் மருந்தடிக்கும் பம்பு விற்கிற கடை அவளுடையது. ஏலக்காய்த் தோட்டக்காரர்களோடும் திராட்சைக்காரர்களோடும் நாள் முழுக்க மல்லுக்கட்டி வளர்ந்த வாய். அந்த வாய்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை உச்சியில் போடிமெட்டு டீக்கடையில் நாலு பேர் முன்னால் அவளை மாட்டிவிட்டது.

"அடுத்த ஞாயித்துக்கெழம என் வண்டி நிக்காம மெட்டு ஏறணும். ஏறலைன்னா சாவி ஒங்களுக்குத்தாண்ணே" என்று கூட வண்டி ஓட்டும் ஈஸ்வரபாண்டியிடம் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் எதைப் பந்தயம் வைத்தோம் என்று உறைத்தது.

வண்டி என்றால் சும்மா வண்டி இல்லை. இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். தொண்ணூறுகளின் கடைசியில் வந்தது, கூரையைக் கழற்றி வைத்துவிடலாம், தரையோடு தரையாக ஓடும். செய்த கம்பெனி எப்போதோ இல்லாமல் போய்விட்டது. ஓடைப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்து ஷெட்டில் உரமூட்டைகளுக்கு அடியில் கிடந்ததை ஜெனிபர் கண்டுபிடித்து வாங்கினாள். கடை அடைத்த பிறகு சாயங்காலம் சாயங்காலமாக இரண்டு வருஷம் அதோடு கிடந்து ஓட வைத்தாள். கணவன் கிங்ஸ்லி முதலில் தலையில் அடித்துக்கொண்டான். அப்புறம் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் பழகிக்கொண்டான். அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவளுக்குப் பம்புக் கடை, வசூல், வீடு எல்லாம் மறந்துபோகும். அந்த வண்டி மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.

அதே மாதிரி இன்னொரு வண்டி மாவட்டத்திலேயே கம்பத்து ஈஸ்வரபாண்டியிடம் மட்டும்தான் இருந்தது. மஞ்சள் நிறம். ஆள் தங்கமானவர், ஆனால் அவர் கண் சிவப்பு வண்டி மேலேயே இருந்தது. மஞ்சள் வண்டியின் கியர்பாக்ஸ் தேய்ந்துகொண்டு வருகிறது, உதிரிப் பாகம் எங்கே தேடினாலும் கிடையாது. சிவப்பு கைக்கு வந்தால் அக்கக்காகப் பிரித்து அலமாரியில் அடுக்கிவிடுவார். இதை அவர் ஒளிக்கவும் இல்லை. நிற்கிற வண்டியை வைத்துக்கொண்டு நீ என்ன செய்யப்போகிறாய், ஓடுகிற வண்டியாவது ஓடட்டும் என்று முகத்துக்கு நேராகவே கேட்பார்.

இவர்களோடு மூன்றாவது ஆள் உத்தமபாளையத்து ஆரிப். பழைய ஹோண்டா சிட்டிக்காரன், வயரிங்கில் கெட்டிக்காரன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மூவரும் மெட்டு ஏறி, டீ குடித்து, எந்த வண்டி உசத்தி என்று சண்டை போட்டுவிட்டு இறங்குவது வழக்கம். தன் என்ஜின் நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்றுக்குப் போனாலும் மூச்சு வாங்காது என்பான் ஆரிப். வளைவில் திருப்பினால் கட்டிலை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறதே, அதைச் சொல்லு என்பார் ஈஸ்வரபாண்டி.

இந்தக் கோடையிலிருந்துதான் கேடு பிடித்தது. கீழே தேனி வரை போய்வந்தால் ஒன்றும் இல்லை. மலை ஏறினால் மட்டும் பத்தாவது வளைவுக்கு மேல் என்ஜின் திணறும், பதினோராவது வளைவில் நின்றேவிடும். உடனே ஈஸ்வரபாண்டி ஓடிவந்து பெட்ரோல் மூடியைத் திறந்து, டேங்க் வாயில் காதை வைப்பார். ஜெனிபர் சாவியைத் திருப்புவாள். உள்ளே பெட்ரோல் பம்பு முனகுவது கேட்கும். பம்பு நல்லாத்தான் இருக்கு என்று அவர் மூடியை மாட்டுவார். அடுத்த திருப்பலில் வண்டி ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிடும். இதையெல்லாம் பார்த்த நேரத்துக்குள் சூடு தணிந்துவிட்டது, அதனால் கிளம்பிவிட்டது என்று மூவரும் முடிவு கட்டினார்கள்.

முடிவு கட்டியதோடு விட்டார்களா? ஒரே மாதிரி இரண்டு வண்டி இருப்பது எவ்வளவு வசதி. மஞ்சளில் நன்றாக ஓடுகிற சாமானைக் கழற்றிச் சிவப்பில் மாட்டிப் பார்த்தார்கள். ஒரு வாரம் பம்பு, ஒரு வாரம் ஃபில்டர், ஒரு வாரம் காயில், அப்புறம் ரிலே. ஆரிப் வயரிங்கையே புதிதாக இழுத்தான். எதை மாற்றினாலும் சிவப்பு பதினோராவது வளைவில் நின்றது. சிவப்பின் சாமானை மாட்டிக்கொண்ட மஞ்சள் ஜம்மென்று ஏறியது. கடைசியில் கடுப்பு தாங்காமல்தான் ஜெனிபர் அந்தச் சவாலை விட்டாள்.

சொன்ன ஞாயிறும் வந்தது. போடியில் டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறினாள். ஆடிக் காற்று முகத்தில் அறைந்தது. ஒன்பது, பத்து என்று வளைவுப் பலகைகள் பின்னால் போயின. பதினொன்றில் திணறி, நின்றது.

பின்னால் வந்த ஆரிப்பும் வண்டியை ஓரங்கட்டினான், ஈஸ்வரபாண்டி இறங்கிவந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, அதுதான் ஜெனிபருக்கு இன்னும் வலித்தது. அவள் சாவியை உருவி அவர் கையில் வைத்தாள்.

அவர் பழக்க தோஷத்தில் பெட்ரோல் மூடிப் பக்கம் போனார். அவள் குறுக்கே நின்றாள்.

"வண்டி ஒங்களுதுண்ணே, இல்லைங்கல. ஆனா எதுனால நின்னுச்சுன்னு தெரியாம நான் கீழ எறங்க மாட்டேன். யாரும் எதையும் தொடாதீக."

சூடு தணியட்டும், தணிந்தால் தானே கிளம்ப வேண்டும், அதையும் பார்த்துவிடுவோம் என்றாள். மூவரும் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார்கள். எஸ்டேட் ஜீப்புகள் வேடிக்கை பார்த்துக்கொண்டே போயின. என்ஜின் மேல் கையை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறியது. சாவியை வாங்கித் திருப்பினாள். கிளம்பவில்லை. இன்னும் ஆறவிட்டுத் திருப்பினாள். கிளம்பவில்லை. அப்படியானால் இத்தனை வாரமும் சூட்டைக் குற்றம் சொன்னது வீண்பழி. ஒவ்வொரு தடவையும் செய்து இன்றைக்கு மட்டும் செய்யாதது ஒன்றே ஒன்றுதான். அவள் எழுந்துபோய்ப் பெட்ரோல் மூடியைத் தானே பிடித்துத் திருகினாள்.

மூடி வர மறுத்தது. உள்ளே இருந்து யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. பல்லைக் கடித்துத் திருகியதும் டேங்க் உஸ்ஸென்று காற்றை உறிஞ்சியது. இத்தனை நாளும் திறந்தவர் ஈஸ்வரபாண்டி. அவர் கைப் பலத்துக்கும் மலைக் காற்றின் இரைச்சலுக்கும் அது தெரியவே இல்லை. மூடியை மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினாள். வண்டி கிளம்பியது.

ஜெனிபர் மூடியைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தாள். காது வரை சூடேறியது. மூடியின் உள்விளிம்பில் கறுப்பாக ஒரு ரப்பர் வளையம். அவள் கடையில் பம்பு வாங்குகிற எல்லோருக்கும் மூடியில் ஒரு வளையம் ஓசியாகப் போட்டுக் கொடுப்பாள், முதுகில் மருந்து ஒழுகக் கூடாதென்று. அந்த வளையத்தால்தான் கடைக்கே பேர். கோடையில் கிங்ஸ்லி பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று முனகியபோது, வண்டிக்கும் ஒன்று போட்டுவிட்டாள். மருந்துப் பம்பு மூடியில் காற்று நடுத்துளை வழியாகப் போகும். பெட்ரோல் மூடியில் காற்று போகிற வழியே விளிம்புக்கு அடியில்தான். வளையம் அதைக் கச்சிதமாக அடைத்துவிட்டது. சமதரையைவிட மலை ஏறும்போது பெட்ரோல் மளமளவென்று குறையும், குறையக் குறைய உள்ளே போகக் காற்று இல்லை, பம்பு இழுத்தும் பெட்ரோல் வரவில்லை. சோதிக்கிறேன் என்று திறந்த ஒவ்வொரு தடவையும் நோய் தீர்ந்தது, மூடியதும் மறுபடி பிடித்தது. எல்லாச் சாமானையும் மாற்றினார்கள், மூடியைச் சாமான் என்று யாருமே நினைக்கவில்லை.

அவள் எதையும் மறைக்காமல் சொன்னாள். ஈஸ்வரபாண்டி நம்பவில்லை. இத்தனூண்டு ரப்பரா ஒரு காரை நிறுத்தும் என்றார்.

"என் மூடிய ஒங்க வண்டில மாட்டுங்க. ஒங்க மூடிய இதுல மாட்டுறேன். ரெண்டு பேரும் கீழ போயி டேங்க நெப்பிட்டு ஏறுவோம். ஒங்க வண்டி நின்னுச்சுன்னா, நான் தாண்டிப் போற வரைக்கும் நீங்க மூடியத் தொடக் கூடாது."

மறுபடி போடியிலிருந்து கிளம்பினார்கள். மஞ்சள் முன்னால் பறந்தது. ஈஸ்வரபாண்டி மிதிக்கிற மிதிக்கு அது பதினொன்று வரைக்கும்கூடத் தாங்கவில்லை, ஒன்பதாவது வளைவிலேயே நின்றுவிட்டது. ஜெனிபர் ஒரு ஹாரன் கொடுத்துத் தாண்டினாள். பத்து போனது. பதினொன்றில் ஆக்சிலேட்டரை விடாமல் மிதித்தாள். என்ஜின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. பதினேழாவது வளைவையும் தாண்டி மெட்டுக்கு வந்து நிறுத்தியபோது அவளுக்குக் கண்ணெல்லாம் நீர். காற்று என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அது காற்றால் வந்ததில்லை.

மஞ்சள் வண்டி டேங்க் வாயில் மூடிக்குப் பதிலாகத் துணியைச் செருகிக்கொண்டு பின்னாலேயே வந்து சேர்ந்தது. ஈஸ்வரபாண்டி மூடியை டீக்கடை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஜெனிபர் சிவப்பு வண்டியின் சாவியை அதன் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தாங்கண்ணே. நோவு தீந்துருச்சு. பிரிச்சு மட்டும் போட்டுறாதீக, ஓட்டுங்க."

அவர் டீயைக் குடித்து முடித்தார். அப்புறம் சாவியை அவள் பக்கமே தள்ளினார்.

"ஞாயித்துக்கெழம நிக்காம மெட்டு ஏறணும்னுதானே ஆத்தா சொன்ன? இன்னைக்குத்தான் ஞாயித்துக்கெழம. ஏறிருச்சு. எத்தனாவது தடவைல ஏறணும்னு நீ சொல்லவே இல்லையே."

அந்தக் கணக்குப்படி இன்றைக்கு ஏறாமல் நின்றது மஞ்சள்தானே என்று ஆரிப் எடுத்துக்கொடுத்தான். ஈஸ்வரபாண்டி சட்டைப்பையைத் துழாவித் தன் சாவியையும் எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டார். கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

ஜெனிபர் மூடியிலிருந்து ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்தாள். மஞ்சள் வண்டியின் சாவியை அதில் முடிந்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். அவர் விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்த்தார்.

"ஓசியா?" என்று கேட்டார்.

"எங்க கடைல இது எப்பவும் ஓசிதாண்ணே" என்றாள் ஜெனிபர்.