செகோவியாவில் தியானம்

"எப்பிடி இருந்த பிள்ளை. கவலையில முகம் கறுத்தே போச்சு" என்று சொல்லி, பிரிஜித் மாமி றோஸ்மலரின் தாடையைப் பிடித்து மெழுகுதிரி வெளிச்சத்துக்குத் திருப்பினார். "மூக்கைப் பாருங்கோ, தோல் உரிஞ்சு கிடக்கு. ரிஷூவால துடைச்சுத் துடைச்சு உரிஞ்சிட்டுது."

சுற்றி நின்ற பெண்கள் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். ஒருத்தி தன் கைப்பையிலிருந்து கிறீம் எடுத்து நீட்டினாள்.

பாட்டுத் தாள்களைக் கோயில் வாங்குகளில் வைத்துக்கொண்டு வந்த மகன் றொனால்ட் அப்படியே நின்றுவிட்டான். அம்மா அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் இரண்டு பேரும் பிடிபட்டுவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். கைலேஞ்சியால் மூக்கை மூடிக்கொண்டு, பெட்டிக்குள் படுத்திருந்த கணவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கவலை இல்லை என்று சொல்லமுடியாது. கவலை நிறையவே இருந்தது. ஆனால் முகம் கறுத்தது அதனால் அல்ல. அது போன கிழமை ஸ்பெயினில், செகோவியா என்ற பழைய ஊரில், தொப்பி போடமாட்டேன் என்று அடம்பிடித்து வெயிலில் அலைந்ததால் வந்த கறுப்பு. கோயில் நிறைந்திருந்த சனத்தில் இது தெரிந்தவர்கள் அம்மாவும் மகனும் மட்டும்தான். தெரியவேண்டிய மூன்றாவது ஆள் பெட்டிக்குள் இருந்தார்.

லண்டனில் செத்தாலும் கியூவில்தான் நிற்கவேண்டும். றோஸ்மலரின் கணவர் கஸ்பர், குட்மேய்ஸ் பார்க்கில் புதுச் சப்பாத்தைக் காலுக்குப் பழக்குவதற்காக நடந்துகொண்டிருந்தவர், களைக்குது என்று ஒரு வாங்கில் இருந்தார். பிறகு எழும்பவில்லை. அது நடந்து மூன்று கிழமையாகிவிட்டது. சவக்காலையில் இடம் கிடைக்கவும், கோயிலும் பாதரும் ஒரே நாளில் பொருந்திவரவும் இவ்வளவு காலம் பிடித்தது. அதுவரை ஒவ்வொரு பின்னேரமும் சனம் வந்து, தேத்தண்ணி குடித்து, அவர் எந்த வாங்கில் இருந்தார் என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுப் போனது.

அந்தச் சப்பாத்து வாங்கியதே செகோவியாவுக்காகத்தான். கஸ்பரும் அவர் கூட்டாளி பீற்றரும் ஒரே கராஜில் பஸ் ஓட்டியவர்கள். ஒருநாள் கன்ரீனில் கிடந்த பழைய சஞ்சிகை ஒன்றில் கஸ்பர் ஒரு படத்தைப் பார்த்தார். தூரத்து மலைத் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவர ரோமர்கள் கட்டிய நீர்ப்பாலம் அது. வீடுகளுக்கு மேலே அடுக்கடுக்காக வளைவுகள். இரண்டாயிரம் வருடமாக நிற்கிறது. சுண்ணாம்பும் இல்லை, சீமெந்தும் இல்லை, கல்லின்மேல் கல் மட்டும்தான் என்று கீழே எழுதியிருந்தது.

பீற்றர் லண்டனுக்கு வருமுன் மன்னாரில் மேசனாக இருந்தவர். சிரித்துவிட்டார்.

"சீமெந்து போட்டுக் கட்டின என்ர மதிலே ரெண்டாம் மாரிக்கு விழுந்தது. சும்மா அடுக்கின கல்லு ரெண்டாயிரம் வருசம் நிண்டா நான் என்ர மீசையை எடுக்கிறன்."

அது சாதாரண மீசை இல்லை. பேச்சுக்குப் பேச்சு அவர் விரல் போய் அதைத் தடவிவிட்டு வரும். கலியாணம் கட்டின நாளிலிருந்து மீசையில்லாத பீற்றரை அவர் மனைவிகூடப் பார்த்ததில்லை. கஸ்பர் வீடியோக்கள் அனுப்பினார், கட்டுரைகள் வாசித்துக் காட்டினார். பீற்றர் அசையவில்லை. உள்ளுக்குள்ளே பூசியிருப்பான்கள், கைவைத்துப் பார்த்தவன் வந்து சொல்லட்டும் என்றுவிட்டார். இரண்டு பேரும் பென்ஷன் எடுத்த பிறகும் அந்த வழக்கு தீரவில்லை. கடைசியில் கஸ்பர் தனக்கும் மனைவிக்கும் டிக்கெட் போட்டார். வருடா வருடம் லூர்து மாதா கோயிலுக்குப் போய்வந்த றோஸ்மலரிடம், "ஒருக்கால் மாதா இல்லாத ஊருக்கும் போய்ப் பாப்பம்" என்றார்.

அவர் இறந்த சில நாளில், பிரிஜித் மாமி குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, அம்மா குசினியில் றொனால்டைப் பிடித்தார். மாமி கஸ்பரின் அக்கா. செய்தி கேட்ட மறுநாளே வெம்பிளியிலிருந்து சூட்கேசோடு வந்து இறங்கியவர். செத்த வீட்டில் ரீவி போடக்கூடாது, மீன் மணக்கக்கூடாது, பொம்பிளை வெளியில் திரியக்கூடாது என்று வீட்டை அவர்தான் நடத்திக்கொண்டிருந்தார்.

"அந்த டிக்கெட் என்ன மாதிரி?" என்று அம்மா கேட்டார்.

"கான்சல் பண்ணிவிடுறன் அம்மா. நீங்கள் யோசியாதேங்கோ."

"கான்சல் பண்ணாதே. நான் போறன்."

றொனால்ட் கையிலிருந்த கோப்பையை வைத்தான். "என்னம்மா கதைக்கிறியள்? அப்பாவை இன்னும் அடக்கம் பண்ணேல்ல."

"அதுக்குத்தான் போறன். அவர் மண்ணுக்குள்ள போக முந்தி நான் கைவச்சுப் பாத்திட்டு வந்து சொல்லவேணும். இவ்வளவு காலம் அந்த மனிசன் அதையே சொல்லிக்கொண்டு திரிஞ்சது. சரியோ பிழையோ எண்டு தெரியாமலே போகவிடச் சொல்லுறியோ?"

"சனம் என்ன சொல்லும்?"

"அதுதான் நீயும் வா. தனியப் போனா இன்னும் கூடச் சொல்லும்."

பொய்யையும் அம்மாவே கண்டுபிடித்தார். கன்னியாஸ்திரிகளின் மடம் ஒன்றில் மூன்று நாள் மௌனத் தியானம், போன் வைத்திருக்க விடமாட்டார்கள், றொனால்டும் துணைக்கு வருகிறான். மாமி கண்கலங்கிப்போனார். தம்பிக்கு ஏற்ற மனைவி என்று சொல்லி, தனக்காகவும் ஒரு செபமாலை சொல்லச் சொன்னார்.

செகோவியாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு தெருவால் திரும்பியதும் அது நின்றது. படத்தில் பார்த்ததைவிட உயரம். ஊருக்கு நடுவே, கடைகளுக்கும் கோப்பிக் கதிரைகளுக்கும் மேலே, இரண்டு தட்டாக வளைவுகள். வளைவுக்குள்ளால் நீலவானம் தெரிந்தது. அம்மா வாயில் கைவைத்து நின்றார். பிறகு, "இந்த மனிசன் பொய் சொல்லேல்ல" என்றார்.

நடுத்தூணில் உயரத்தே ஒரு மாடம் இருந்தது. அதற்குள் மாதா நின்றார். மாதா இல்லாத ஊருக்குக் கூட்டிப்போகிறேன் என்றவர் இதை எங்கும் வாசிக்கவில்லைப்போல. அம்மா அந்த இடத்திலேயே சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடித்து, நட்டநடு வெயிலில் நின்று, மாமிக்காக ஒரு முழுச் செபமாலை சொன்னார். பொய்யில் பாதியாவது உண்மையாகட்டும் என்றுதான். மூக்கு உரிந்தது அங்கேதான்.

பாலத்தோடு கூடவே மேட்டுப் பக்கமாக நடந்தார்கள். போகப் போக வளைவுகள் குட்டையாகி, கற்கள் கைக்கு எட்டின. அம்மா இரண்டு உள்ளங்கையையும் ஒரு தூணில் வைத்தார். கல் சூடாக இருந்தது. கைப்பையிலிருந்து கஸ்பரின் பஸ் பாஸை எடுத்து, இரண்டு கல்லுக்கு நடுவே செருகினார். அது பாதிவரை உள்ளே போனது. அதில் இருந்த படத்தில் கஸ்பரின் நெற்றியும் கண்ணும் மட்டும் வெளியே தெரிந்தன. "கவனம், விழுத்திப்போடாதேங்கோ" என்றான் றொனால்ட். அட்டையைச் சொன்னானா பாலத்தைச் சொன்னானா என்று அவனுக்கே தெரியவில்லை. அம்மா அதைப் பக்குவமாக இழுத்து எடுத்து, முந்தானையால் துடைத்து உள்ளே வைத்தார்.

அதன்பிறகு அவரைப் பிடிக்கமுடியவில்லை. பேராலயத்துக்குப் போனார், கப்பல் முனைபோல் பாறையில் நீட்டிக்கொண்டிருந்த கோட்டைக்குப் போனார், கூரையில் கூடு கட்டியிருந்த நாரையைக் கழுத்து நோகப் பார்த்தார். சதுக்கத்தில் இருந்தபடி ஐஸ்கிரீம் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் தான் செத்த வீட்டுக்காரி என்பது நினைவுக்கு வந்து, கோப்பையை மகன் பக்கம் தள்ளினார். கொஞ்சம் பொறுத்து, உருகப்போகிறது என்று திரும்ப எடுத்துக்கொண்டார். அப்பா போனபிறகு அம்மா சாப்பிட்டு முடித்த முதல் சாமான் அதுதான். அன்றைக்கு றொனால்டுக்குச் சந்தோசமாக இருந்தது. அதற்கு வெட்கப்படவும் அவனுக்குத் தோன்றவில்லை.

இப்போது கோயிலில், பெட்டி மூடுவதற்கு முன் அம்மா அப்பாவிடம் அந்த ஒரு விசயத்தைச் சொல்லிவிடவேண்டும். தனியாக, காதோடு. ஆனால் மாமி விட்டால்தானே. காலையிலிருந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்தபடி நின்றார். றொனால்ட் இருமுறை முயன்று பார்த்தான். "மாமி, உங்களைப் பாதர் கூப்பிடுறார்" என்றான். பாதரை இங்கே வரச்சொல் என்றார். "மாமி, கொஞ்சம் இருங்கோவன்" என்று கதிரையை நகர்த்தினான். அவர் அம்மாவையும் சேர்த்து இருத்தினார்.

பேச்சுகள் தொடங்கின. கடைசியாகப் பீற்றர் எழும்பினார். அதன்பிறகு பெட்டியை மூடி, பூசை தொடங்கும். அவர் ஒலிவாங்கியைப் பிடிக்காமல் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். மீசையைத் தடவினார்.

"மச்சான், எல்லாத்திலயும் நீதான் வெண்டனீ. நல்ல மனிசி, நல்ல பிள்ளை. ஆனா அந்தப் பாலத்துக் கதையில நான்தான் வெண்டனான். பாத்திட்டு வந்து கதைக்கிறன் எண்டு சொன்னாய். பாக்காமலே போட்டாய். இனி ஆரடா வந்து சொல்லப்போறாங்கள்?" அவர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "சீமெந்து இல்லாம ஒண்டும் நிக்காது, கஸ்பர்."

சனம் சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தது. றொனால்ட் அம்மாவைப் பார்த்தான். அம்மா எழும்பியிருந்தார்.

"நிக்குது பீற்றர் அண்ணை" என்றார்.

பீற்றர் திரும்பினார். "என்ன தங்கச்சி?"

"நிக்குது. சீமெந்து இல்லை. நான் கைவச்சுப் பாத்தனான்."

"எப்ப?"

"போன செவ்வாய்க்கிழமை."

பிரிஜித் மாமியின் கையிலிருந்த செபமாலை நின்றது. "போன செவ்வாய் நீ தியானத்தில எல்லோ நிண்டனீ?" என்று மெல்லக் கேட்டார். றொனால்ட் தரையைப் பார்த்தான். இனி இந்தச் சனம் அம்மாவைச் சும்மா விடாது என்று நினைத்தான்.

அம்மா மாமியின் கையை மெதுவாக விலக்கிவிட்டு, பெட்டியடிக்குப் போனார். காதோடு சொல்ல வைத்திருந்ததை எல்லாருக்கும் கேட்கவே சொன்னார்.

"இஞ்சருங்கோ. நீங்கள் சொன்னதுதான் சரி. ரெண்டு கல்லுக்கும் நடுவில உங்கட பஸ் பாஸை விட்டுப் பாத்தன், பாதி உள்ளுக்குப் போச்சு. ஒரு பூச்சும் இல்லை. அவ்வளவு பாரமும் ஒண்டில ஒண்டு சாஞ்சுதான் நிக்குது." கைப்பையிலிருந்து பாஸை எடுத்தார். "நீங்கள் இல்லாமப் பாத்ததுதான் எனக்குப் பொறுக்கேல்ல."

அதைக் கஸ்பரின் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டு அழுதார். மூன்று கிழமை வந்துபோன சனத்துக்கு முன்னால் அழாத அழுகை அது. எல்லாரும் இப்போது மாமியைத்தான் பார்த்தார்கள். தீர்ப்பு அவருடையது. மாமி எழும்பிப் போய், அம்மாவின் முழங்கையைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்.

"பாதர், இனிப் பெட்டியை மூடலாம்" என்றார்.

அடக்கம் முடிந்து மண்டபத்தில் சோறு போட்டார்கள். மாமி அம்மாவுக்கு முன்னால் சோற்றுக் கோப்பையோடு வந்து இருந்தார்.

"அப்ப நான் சொல்லச்சொன்ன செபமாலை?"

"சொன்னனான் மச்சாள். பாலத்தில ஒரு மாதா நிக்கிறா. அவவுக்கு முன்னால நிண்டு முழுசாச் சொன்னனான்."

மாமி ஒரு வாய் சாப்பிட்டார். யோசித்தார். "படம் எடுத்தனியளோ?"

றொனால்ட் போனில் ஒளித்து வைத்திருந்த படங்களை வெளியே எடுத்தான். கொஞ்ச நேரத்தில் அவனைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. கிறீம் நீட்டின பெண் அம்மாவின் மூக்கைப் பார்த்து, ஓ என்று மட்டும் சொன்னாள். எவ்வளவு தூரம், ஒரே நாளில் போய்வர ஏலுமோ, சோறு கிடைக்குமோ என்று கேள்விகள் வந்தன. மாமி போனை வாங்கி, மாதாவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

பீற்றரைக் காணவில்லை. சவக்காலையிலிருந்தே காணவில்லை. சாப்பாடு முடிகிற நேரத்தில்தான் வந்தார். வாசலில் நின்ற ஆட்கள் அவருக்கு வழிவிட்டு, அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்கள். மூக்குக்குக் கீழே ஒரு துண்டுத் தோல் மட்டும் வெயிலே படாததுபோல் வெளிறியிருந்தது. ஒரு பக்கத்தில் சின்னதாக வெட்டுக்காயம், அதில் ரிஷூத் துண்டு ஒட்டியிருந்தது.

அவர் நேரே வந்து அம்மாவுக்கு எதிரே இருந்தார். மாமி ஒரு கோப்பையில் சோற்றைப் போட்டு அவர் முன்னால் தள்ளினார்.

"சொல்லு தங்கச்சி. கல்லு எந்த மாதிரிக் கல்லு?"

அம்மா இரண்டு உள்ளங்கையையும் மேசையில் விரித்து வைத்துச் சொல்லத் தொடங்கினார். பீற்றர் கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் அவர் விரல்கள் மேலே எழும்பிப் போய், உதட்டுக்கு மேலே ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, சோற்றுக் கோப்பைக்குத் திரும்பி வந்தன.