ஈரத்தோடு மடித்த தூளிகள்

காட்டுக்குப் போவதற்காக அந்தக் குடும்பம் தூளி மூட்டையைப் பரணிலிருந்து இறக்கினால் கால் மணி நேரத்தில் புயல் வரும். மூட்டையைத் திருப்பி ஏற்றினால் நின்றுவிடும். ஏழு வருடமாக இப்படித்தான் நடந்தது, ஊரில் யாரும் மறுத்ததில்லை. தூளி என்றால் குழந்தையைப் போடுகிற தூளி இல்லை. இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டி ஆள் படுக்கிற கித்தான் தொட்டில்; விளையாட்டுச் சாமான் கடையில் ஹேமக் என்பார்கள். லாரித் தார்ப்பாய் தைக்கும் கடையில் வேலை பார்த்த அந்த வீட்டு அம்மா, வெட்டி மிஞ்சிய கித்தானில் ஆளுக்கொன்றாக நான்கு தைத்து, தூளி என்றே பெயரும் வைத்துவிட்டாள். ஏழு கழுதை வயசான பிறகும் தூளி கேட்கிற குடும்பம் என்று தெருவில் சிரித்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய மகளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்த அன்று என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "நாம நாலு பேரும் ஒரு ராத்திரி மரத்துல தொங்கிட்டே தூங்கணும்" என்று பெண் சொல்லியிருந்தாள். சரி என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். விஷயம் அவ்வளவுதான்.

முதல் வருடம் வந்தது வெறும் தூறல். கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கொல்லையில் விரித்த தூளிகள் நனைந்தன. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அறுபது மாடிக்கு மேலே கம்பியில் தொங்கி வேலை செய்கிற மனிதர், ஆனால் மேகம் கறுத்தால் வீட்டுக்குள் ஓடி வந்துவிடுவார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று தூளிகளைச் சுருட்டிப் பரணில் போட்டார். சுருட்டுவதில் கெட்டிக்காரர், யானையைக் கொடுத்தாலும் சுருட்டித் தலையணை உறைக்குள் போட்டுவிடுவார். இரண்டாம் வருடம் காற்று சேர்ந்து வந்தது. நான்காம் வருடம் மணிக்கூண்டின் பெரிய முள் பறந்துபோய், ஊர் ஒன்றரை மாதம் சின்ன முள்ளை மட்டும் நம்பி வேலைக்குப் போனது. ஆறாம் வருடம் பள்ளிக்கூடத்துக் கூரை அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மேல் போய் உட்கார்ந்தது. அங்கே இப்போதும் இரண்டு கூரை. ஏழாம் வருடம் மூன்று தெருத் தண்ணீர்த் தொட்டிகள் நகராட்சி மொட்டை மாடியில் வரிசையாக இறங்கின. ஒவ்வொரு தடவையும் தெருக்காரர்கள் குடையோடு வந்து வாசலில் நின்று, "போதும்மா, மேல எடுத்து வெச்சிடுங்க" என்று தன்மையாகக் கேட்பார்கள். எடுத்து வைப்பார்கள். வெயில் வரும்.

பெரியவள் முதல் வருடம் அழுதாள். அடுத்த வருடம் சாப்பிட மாட்டேன் என்றாள். பதினைந்து வயதில் கதவை அறைந்து சாத்தினாள், பதினேழில் தோளைக் குலுக்கினாள். பதினெட்டில், புயல் ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் அவளே ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, "பரவாயில்லம்மா, நான் ஏத்திடறேன்" என்று மூட்டையை ஏற்றினாள். அழுததையெல்லாம் தாங்கிக்கொண்ட அம்மாவுக்கு அந்தப் பரவாயில்லையைத் தாங்க முடியவில்லை. கடைக்குப் போய் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தையல்கூடப் போடாமல் அரை நாள் உட்கார்ந்திருந்தாள்.

எட்டாவது வருடம் பெரியவளுக்குச் சரக்குக் கப்பலில் என்ஜின் அறை வேலை கிடைத்தது. நான்கு வருட ஒப்பந்தம், திங்கட்கிழமை காலை கப்பல் கிளம்புகிறது. முந்தின புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, சனிக்கிழமை காட்டுக்குப் போகிறோம் என்று அம்மா அறிவித்தாள். பத்து வயதுச் சின்னவள் எழுந்துபோய் ஜன்னல் கொக்கிகளை மாட்டிவிட்டு வந்தாள்.

எப்படியோ செய்தி பரவி, மறுநாள் காலையில் வானிலை அலுவலக எழுத்தர் வந்தார். ஒவ்வொரு வருடமும் வருகிறவர்தான், மரியாதையானவர், செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவார். இந்த வருடம் எத்தனை மணிக்கு மூட்டையை இறக்கப்போகிறீர்கள், அறிக்கையில் போட வேண்டும் என்றார். இப்போதே என்றாள் அம்மா. பார்வையாளராக இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தவர் கடைசியில் மூட்டைக்கு ஒரு கை கொடுக்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் போன வருடம் ஒரு பெண் தனியாக ஏற்றிய மூட்டையை இந்த வருடம் நான்கு பேர் சேர்ந்துதான் இறக்க முடிந்தது. கூடத்தில் வைத்ததும் தரை ஒரு முறை முனகியது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

அம்மா முடிச்சை அவிழ்க்காமல் மூட்டையின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். ஒரு வருடமாகப் பரணில் கிடந்த கித்தான் சில்லென்று ஈரமாக இருந்தது. காதை வைத்தாள். உள்ளே காற்று அடித்துக்கொண்டிருந்தது. மூட்டையைத் தட்டினால் தூரத்தில் இடி கேட்டது. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஈரத் தார்ப்பாயை மடிக்காதே, விரித்துக் காயவிடு, ஈரத்தோடு மடித்தால் உள்ளே இருப்பது உள்ளேயேதான் இருக்கும் என்று இருபது வருடமாக லாரி டிரைவர்களைக் கிழி கிழி என்று கிழித்தவள் அவள். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு, வீட்டில் ஏழு தடவை புயலை ஈரத்தோடு சுருட்டிப் பரணில் போட விட்டிருக்கிறாள். ஒன்றின் மேல் ஒன்றாக ஏழு வருடப் புயல். அது எங்கும் போய்விடவில்லை.

"இது மறுபடி பரணுக்குப் போகாது. போனா வீடு தாங்காது. காட்டுல விரிச்சு, எல்லாத்தையும் வெளிய விட்டாத்தான் தீரும்" என்றாள்.

கணவர் பழக்கதோஷத்தில், "அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்தார்.

"அடுத்த வருஷம் இவ எந்தக் கடல்ல இருப்பா?"

அவர் பெரியவளைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்த் தன் கருவிப் பெட்டியைக் கொண்டுவந்தார்.

அந்த இரண்டு நாள் அந்த வீட்டில் நடந்த வேலை சாதாரண வேலை இல்லை. ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறந்துகொண்டிருக்க, கணவர் மாடிப்படிச் சந்தில் ஒவ்வொரு கயிற்றையும் கட்டித் தானே தொங்கிப் பார்த்தார். ஒரு கயிறு லேசாகப் பிரிந்ததைக் கண்டு நான்கையும் தூக்கி எறிந்துவிட்டு லிஃப்டுக்கு வாங்குகிற ரகத்தையே போட்டார். மரப்பட்டை அறுபடாமலிருக்க, பழைய கார்களில் கழற்றிய சீட் பெல்ட்டுகளைக் கொண்டுவந்தார். அம்மா நான்கு தார்ப்பாய்க் கூரைகள் தைத்தாள், கயிறு கோக்க மூலைக்கு இரட்டைக் கண் வைத்து. கயிறு வழியாக இறங்குகிற மழைத்தண்ணீர் படுக்கைக்குள் வராமல் பாதியிலேயே சொட்டிப் போவதற்குக் கயிற்றில் சின்னச் சின்ன நூல்வால்கள் கட்டினாள். பெரியவள் முதல் நாள் முழுக்க ஒட்டாமல் நடந்தாள். வெள்ளிக்கிழமை சாயந்திரம், அம்மா போட்ட முடிச்சைப் பார்த்துவிட்டு, "இது ஈரத்துல வழுக்கும்மா, கப்பல் வகுப்புல வேற முடிச்சு சொல்லிக்கொடுத்தாங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை. சின்னவள் துணிகளையும் பிஸ்கட் பாக்கெட்டுகளையும் பிளாஸ்டிக் பைகளில் கட்டி, எதில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டினாள். மழை எழுத்தை அழித்தது, திரும்ப எழுதினாள்.

தெருக்காரர்கள் குடையோடு வந்தார்கள். குடைகள் போய்விட்டதால் இரண்டாவது தடவை வெறுங்கையோடு வந்தார்கள். அம்மா வாசலில் நின்று விஷயத்தை விளக்கினாள். கொஞ்ச நேரம் ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். பிறகு சலவைக்காரர், "ஈரத் துணிய மடிச்சா நாறத்தான் செய்யும், அந்தம்மா சொல்றது சரி" என்றார். அவர் தொழிலைப் பற்றி அவரிடம் யார் வாதாட முடியும்? சனிக்கிழமை மதியம் தார்ப்பாய்க் கடை வேனில் மூட்டையை ஏற்ற பன்னிரண்டு பேர் கை கொடுத்தார்கள். வேன் கிளம்பியதும் புயலும் அதன் தலைக்கு மேலேயே கிளம்பியது. பின்னால் ஊரில் வெயில் விழுந்து, ஜனங்கள் துணி உலர்த்தினார்கள்.

காட்டில் கணவர் பட்ட கிளை இல்லாத எட்டு மரங்களைத் தேடித் தட்டிப் பார்த்து எடுத்தார். பெல்ட்டைச் சுற்றி, கயிற்றைப் போட்டு, பெரியவள் முடிச்சிட்டாள். கூரைகளைக் காற்றுக்கு முதுகு காட்டி இறக்கிக் கட்டினார்கள். கடைசியாக மூட்டையைப் பிரித்து, தூளிகளைக் கயிறுகளில் மாட்டினார்கள். மேல் சுற்றில் இருந்தது போன வருடத்துப் புயல், அதுதான் முதலில் வந்தது. நான்கு பேரும் ஆளுக்கொரு தூளியில் ஏறிப் பக்கங்களை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். மரங்கள் வளைந்து தரையைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தன. கயிறு தாங்கியது.

அந்தப் புயல் ஓய்ந்ததும் பெரியவளுக்கு மறுபடி பதினெட்டு வயது. "பரவாயில்லம்மா, நல்லாத்தான் இருக்கு" என்று கத்தினாள். அடுத்த சுற்றுப் பிரிந்தது, அவளுக்குப் பதினேழு, தோளைக் குலுக்குவதை மறந்து சிரித்தாள். இப்படி வருடம் வருடமாகப் பிரிந்தது, ஒவ்வொரு புயலும் முன்னதைவிடச் சின்னது. கணவருக்குத் தலைமுடி திரும்ப வந்தது, அவர் அதைக் கவனிக்கவில்லை. சின்னவள் ஐந்து வயதாகி, நான்காகி, தனியாகப் படுக்கப் பயந்து அப்பா தூளிக்குப் போனாள். அவர் அவளை மார்பில் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக மேகத்தைப் பார்த்துப் பாடினார். பதினைந்து வயதுக்காரி, அறைந்து சாத்தக் கதவில்லாத இடத்தில், விசிலடித்தாள். கடைசிச் சுற்றில் இருந்தது ஒரு தூறல். அது விழுந்தபோது பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி நனைந்த தலையோடு அம்மாவின் தூளிக்குள் ஏறி, "அம்மா, ரெண்டு பேரைத் தாங்குமா?" என்று கேட்டாள்.

"தாங்கும். நான் தெச்சது."

அம்மாவுக்கு அப்போது அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான் அழுதாள், சத்தமாகவே அழுதாள். யாரும் சமாதானம் சொல்லவில்லை, ஏனென்றால் மற்ற மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள்.

ஞாயிறு முழுவதும் நல்ல வெயில். திங்கட்கிழமை காலை மேகமில்லாத வானத்தின் கீழ் கப்பல் கிளம்பியது, பெரியவள் மேல்தளத்தில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். செவ்வாய்க்கிழமை அம்மா வேலைக்குப் போனாள். எதிரே உட்கார்ந்து கித்தான் ஓரம் மடிப்பவள், நூலைக் கோத்துக்கொண்டே, பயணம் எப்படி இருந்தது என்று விசாரித்தாள்.

"ஏழு வருஷப் பாக்கியும் இந்த வருஷத்ததும் சேத்து எட்டும் நல்லா இருந்துச்சு" என்றாள் அம்மா. "கடைசி ஒண்ணுலதான் காலைல கண்ணு முழிச்சுப் பாத்தா, அவ காலு ரெண்டும் தூளிக்கு வெளிய தொங்குது."

"வளந்துட்டா, பின்ன?" என்றாள் மற்றவள், கித்தானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு.