கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தது

ஃபெபிக்கு ஆங்கிலம் வராமல் இல்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒன்பது வருடமாக நர்ஸ்; கேஸ் ஷீட் முழுக்க இங்கிலீஷில்தான் எழுதுகிறாள். ஆனால் லண்டன் வேலைக்கான பரீட்சையில் இரண்டு முறை அவள் காலை வாரிவிட்டவை அந்த ஒட்டுச் சொற்கள்தாம். ‘புட்’ தெரியும், ‘அப்’ தெரியும், ‘வித்’தும் தெரியும். மூன்றும் சேர்ந்தால் சகித்துக்கொள்வதாம்! எந்தப் பாவி கண்டுபிடித்தானோ. மூன்றாவது பரீட்சைக்கு இன்னும் நான்கே நாள்.

மாமியார் செபஸ்தியம்மாள்தான் கேள்வி கேட்பாள். படிப்பு அஞ்சாம் வகுப்பு. அவளுக்காகவே ஃபெபி ஒரு நோட்டில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். மாமியார் வாயில் ‘கிவ் அப்’ கீவப்பாகும், ‘புட் ஆஃப்’ புட்டாப்பாகும்.

“அத்தே, வெள்ளைக்காரன் கேட்டா ஓடியே போயிடுவான்.”

“போனா போறான். நீ பாஸ் பண்ணி எம்மவனையும் துபாய்லேர்ந்து அழைச்சுக்க. ரெண்டு பேரும் ஒரு வீட்ல இருங்க, அது போதும் எனக்கு.”

அன்று நைட் டூட்டி முடிந்து திருக்காட்டுப்பள்ளி வீட்டுக்கு வந்தபோது மணி எட்டரை. மாமியார் வயலுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். ஃபெபி பாயில் விழுந்தாள். கண்ணைத் திறக்கத் தெம்பில்லை.

“கேளுங்க அத்தே, படுத்துக்கிட்டே சொல்றேன்.”

‘டர்ன் டவுன்’ என்றாள் மாமியார். மறுப்பது. ‘ரன் அவுட்.’ தீர்ந்துபோவது. அடுத்தது கொழகொழவென்று வந்தது.

“வாயில வெத்தலையா? ஒழுங்கா சொல்லுங்க.”

மறுபடியும் அதே கொழகொழ. நோட்டு கீழே விழும் சத்தம் கேட்டது. ஃபெபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“உங்களுக்கும் தூக்கமா? சரி, சாயங்காலம் பாத்துக்கலாம்” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

விழித்தபோது மதியம் இரண்டரை. மாமியார் அதே இடத்தில் சரிந்து கிடந்தாள். வாய் ஒருபக்கம் கோணி எச்சில் வழிந்திருந்தது, வலது கை துவண்டு கிடந்தது. கண் மட்டும் ஃபெபியையே பார்த்துக்கொண்டிருந்தது. ஐயோ, எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ!

ஃபெபி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே ஆம்புலன்ஸ் போய்ச் சேர மூன்றே முக்கால் ஆகிவிட்டது. தெரிந்த டாக்டர்தான் ஓடி வந்தார்.

“பேச்சு எப்ப குழற ஆரம்பிச்சுது, சிஸ்டர்? நாலரை மணி நேரத்துக்குள்ளன்னா ஊசி போட்டுப் பாக்கலாம்.”

வேறு யாராவது என்றால் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். வாய் குழறினால் முதலில் மணியைப் பார் என்று, வார்டுக்கு வரும் புதுப்பெண்களுக்கு வருடாவருடம் சொல்லிக்கொடுப்பவளே ஃபெபிதான். நர்ஸாம் நர்ஸ்!

“ஒம்போது மணி, டாக்டர்.”

“காலையிலயா? அப்ப பக்கத்துல யாருமே இல்லையா?”

“நான் இருந்தேன்” என்றாள் ஃபெபி.