பதினொரு கட்டம்

பட்டுக்கடை கோதண்டபாணி முதலாளி ஒரு படத்தின் முன்னால் ஐந்து நிமிஷம் நின்றால், அது ரசிக்கிற நிற்பு இல்லை. கோபுரத்தைக்கூட அண்ணாந்து பார்க்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிற மனுஷர் அவர். இப்போது மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சுண்டுவிரல் நகத்தால் படத்தில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்ததும் உதடு லேசாக விரிந்தது.

அது பெரியநாயகியின் படம். அந்த உதட்டைப் பார்த்த பிறகுதான் தான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது.

அறுபத்தெட்டாம் வருஷத்துக் கார்த்திகை மாசம் அது. பிரசவத்துக்கு வருகிறவர்கள் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க நிற்கிற இடத்தில் உட்கார ஒரு பலகையும் இல்லை. பெஞ்சு செய்து போடலாம், ஹைஸ்கூல் பிள்ளைகள் ஆளுக்கொரு படம் வரைந்து கொடுங்கள், சனிக்கிழமை ஏலம் விடுவோம் என்று டிராயிங் மாஸ்டர் ஷபியுல்லா ஏற்பாடு செய்திருந்தார். மற்றவர்கள் மயில் வரைந்தார்கள், இரண்டு மலைக்கு நடுவே சூரியன் வரைந்தார்கள். பத்தாவது படிக்கிற பெரியநாயகி பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் மகள். அவளுக்குத் தெரிந்த வரைதல் கிராஃப் தாளில் கட்டம் நிரப்புவது ஒன்றுதான். அந்தக் கட்டங்களை எண்ணித்தான் தறியில் டிசைன் ஏற்றுவார்கள். இரண்டு மாசமாக அப்பா ராமலிங்கத்தோடு உட்கார்ந்து ஒரு பட்டுச்சேலைக் கரைக்குக் கட்டம் நிரப்பியிருந்தாள். ஒன்றன்பின் ஒன்றாக நீந்துகிற அன்னவரிசை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பென்சிலை எடுத்ததும் கை தானாக அதையே போட்டுவிட்டது. வீட்டுச் சோற்றைப் போட்டுச் சாப்பிட யாரிடமும் கேட்பதில்லையே, அப்படி.

அது வீட்டுச் சோறு இல்லை. அப்பாவுக்கு நெசவு கொடுக்கிற வேணுகோபால் முதலாளியின் சரக்கு. மெட்ராசில் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். மணப்பெண் கட்டுகிற கரை வேறொருத்தி இடுப்பில் இருக்கக்கூடாது. "தை முடியற வரைக்கும் இந்த அன்னம் உன் வீட்டுக் கதவைத் தாண்டக் கூடாது ராமலிங்கம்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பட்டும் ஜரிகையும் கொடுத்திருந்தார். தாண்டினால் தறியில் ஏற்றியிருக்கிற பாவு நூலோடு வேலையும் போகும். அன்னம் தாண்டி, பள்ளிக்கூடச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் மாஸ்டரிடம் ஓடினாள்.

"சார், என் படத்தக் குடுத்துடுங்க சார். வேற வரைஞ்சு எடுத்துக்கினு வரேன்."

"இன்னாமா, வெச்ச மொய்யைத் திருப்பிக் கேக்கற மாதிரி கேக்கற? லிஸ்ட்டுல ஏறிடுச்சு. ஹெட்மாஸ்டர் கையெழுத்தும் போட்டாச்சு."

"அது நல்லா இல்ல சார்."

"பத்து வருஷமா பசங்க படங்களப் பாக்கறேன், எனக்கே நல்லாருக்குது. போ, போய்த் தண்ணி குடி."

தண்ணி குடிக்காமல் நேரே கோதண்டபாணியிடம் போனாள்.

"முதலாளி, அந்தப் படம் வேணாம். அவசரத்துல போட்டது. கணக்கு சரியா வராது. மயிலு நல்லாருக்குது, அத எடுத்துக்கங்க."

முப்பது வருஷம் கடைத்தெருவில் தேய்ந்த மனுஷர். வாங்க வந்தவன் சரக்கைப் பழிப்பான், அது முறை. விற்கிற பக்கத்து ஆளே வந்து பழித்தால் என்ன அர்த்தம்? வேறே யாரோ முன்னாலேயே பேசி வைத்துவிட்டான் என்று அர்த்தம்.

"யாரு பாப்பா சொல்லி அனுப்பினாங்க?"

"யாரும் இல்ல முதலாளி."

"சரி சரி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே படத்தின் விலை பத்து ரூபாய் ஏறிவிட்டது.

மயில் ஆறு ரூபாய்க்குப் போயிற்று. மலையும் சூரியனும் சேர்ந்தே நாலு ரூபாய்தான். அன்னத்தை மாஸ்டர் மூன்றில் ஆரம்பிக்க, கோதண்டபாணி ஒரே தாவலாகப் பத்து என்றார். இவரே பத்து கேட்டால் உள்ளே என்னவோ இருக்கிறது என்று ஓட்டல்காரர் பதினைந்து என்றார். எதற்காகக் கேட்கிறோம் என்று தெரியாமலே நாற்பது வரை வந்து, கோதண்டபாணி நாற்பத்தைந்து என்றதும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று தரம் ஆயிற்று. கைதட்டல் ஓய ரொம்ப நேரம் பிடித்தது.

"ரெண்டு பெஞ்சும்மா! நல்லா இல்லன்னியே!" என்று மாஸ்டர் பூரித்துப் போனார். "வரைஞ்சவங்களே சுருட்டி, பேப்பர் சுத்திக் குடுங்க."

பெரியநாயகி படத்தோடு காலியான வகுப்பறைக்குள் புகுந்தாள். ஒரு அன்னத்தின் வால் முடிகிற இடத்தில் அடுத்ததன் கழுத்து தொடங்க வேண்டும். அங்கே ரப்பரை வைத்தாள். சிலதை அழித்து, சிலதை நிரப்பி, பதினொரு கட்டம் மாற்றினாள். கண்ணுக்கு அன்னம் அன்னமாகவே இருந்தது. தறியில் ஏற்றினால் ஒன்றின் மேல் ஒன்று முட்டும். நல்ல காரியத்துக்கு நாற்பத்தைந்து ரூபாய் கொடுத்தவரை ஏமாற்றுகிறோமே என்று ஒரு தரம் தோன்றியது. அப்பாவின் தறி ஞாபகம் வந்தது. சுருட்டிக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்குப் போனாள். வாசலில் நின்றால் உள்ளே வந்தாள்.

"இன்னாடி, கால்ல சக்கரமா கட்டியிருக்குது?" என்றார் ராமலிங்கம் தறியிலிருந்து.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். "பசிக்குது நைனா" என்று வந்தது. அன்றைக்கு இப்படியே நாலு தடவை சாப்பிட்டாள்.

திங்கள்கிழமை சாயங்காலம் கோதண்டபாணியே வந்துவிட்டார், கையில் சுருளோடு. தறி நின்றது. ராமலிங்கம் அவசரமாக நெய்த பக்கத்தின் மேல் வெள்ளைத் துணியை இழுத்துப் போட்டார்.

"உன் பொண்ணு படத்த நான்தான் எடுத்தேன் ராமலிங்கம். கைன்னா கை அது! ஒரு எடத்துல மட்டும் இடிக்குது. பாப்பா, கொஞ்சம் சரி பண்ணிக் குடேன்" என்று சுருளை விரித்தார்.

ராமலிங்கம் பார்த்தார். பக்கத்தில் துணிக்கு அடியில் படுத்திருந்த அதே அன்னம். காது மடல் சிவந்தது. மகளைப் பார்க்கவில்லை.

"படம்தானே முதலாளி. சுவத்துல மாட்டினா எங்க இடிக்கப் போவுது?"

"படமாவே இருந்தாலும் ஒரு கணக்கு வேணாமாப்பா?"

பெரியநாயகிக்கு எங்கிருந்து வாய் வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"முதலாளி, உங்க கடையில வாங்கின பொடவை புடிக்கலன்னா மாத்திக் குடுப்பீங்க இல்ல?"

"குடுப்பேன். பணம்தான் வாபஸ் கிடையாது."

"பணம் ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சு. படத்த மாத்தித் தரேன். என்னோடது. வேற யார்கிட்டயும் இருக்காது."

"ரெண்டு குடு."

"ஒண்ணு."

"ஒண்ணரை."

"அதெப்பிடி ஒண்ணரை?"

"கரை ஒண்ணு, முந்தானைக்கு ஒரு சின்ன புட்டா."

"சரி. ஆனா இத இங்கயே வெச்சுட்டுப் போவணும்."

கோதண்டபாணி அவளைப் பார்த்தார். ராமலிங்கத்தின் காதைப் பார்த்தார். தறிமேல் கிடந்த வெள்ளைத் துணியைப் பார்த்தார். புரியாத கண் இல்லை அது.

"அப்ப நான் அன்னத்தப் பாக்கவே இல்ல. அப்பிடித்தானே?"

"அப்பிடித்தான் முதலாளி."

"வெள்ளிக்கிழம கடைக்கு வந்துடணும்." சுருளை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். பேசி முடித்த பேரத்தை மாற்றினார் என்று அவரைப் பற்றி ஊரில் யாரும் சொன்னதில்லை.

ராமலிங்கம் தாளை வெளிச்சத்தில் பிடித்து எண்ணினார்.

"பதினொண்ணா மாத்தின? அஞ்சே போதும்டி. பயந்துக்கினு செஞ்சா இப்பிடித்தான், கூடப் போயிடும்." தாளை எடுத்துப்போய் அடுப்பில் வைத்துவிட்டு வந்தார். "என்னோடதுன்னு சொன்னியே, அது எங்க?"

எங்கேயும் இல்லை. பெரியநாயகி தன்னுடையது என்று அதுவரை ஒரு கோடு போட்டதில்லை. மூன்று நாள் வெறும் தாள் அவளை முறைத்துக்கொண்டிருந்தது. கிளி போட்டால் தெருக்கோடி வீட்டுக் கிளி, யாளி போட்டால் கோயில் யாளி. அழித்து அழித்து ஒரு தாள் கிழிந்தே போயிற்று. வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரி வழியாகப் பள்ளிக்கூடம் போகிறபோது சீட்டு வரிசையைப் பார்த்து நின்றாள். இடுப்பில் ஒரு கை, சுவரில் ஒரு கை. வெயிலுக்கு எல்லாரும் ஒரே பக்கம் ஒதுங்கி, வயிறும் ஆளுமாகச் சாய்ந்து நின்றார்கள். அன்றைக்கு முதல் பீரியட் அவள் வகுப்பில் இல்லை; ஆஸ்பத்திரிக்கு எதிரே உட்கார்ந்து கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கோதண்டபாணி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நகத்தால் எண்ணினார். மாங்காய்க் கரை. ஒரு மாங்காய் முடிகிற இடத்தில் அடுத்தது பிசிறில்லாமல் தொடங்கியது. முந்தானைக்குத் தனியாக ஒரு குட்டி மாங்காய். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது. மாங்கா மட்டும் ஏன் பாப்பா மொத்தமும் ஒரே பக்கமா சாஞ்சுக்கினு இருக்குது?"

"நின்னு நின்னு காலு வலிக்குது முதலாளி. ஆஸ்பத்திரிக்குப் பெஞ்சு இன்னும் வரல."